வடிகால் இல்லாத ஏரி

ஏரி என்றால் மதகு இருக்கும், கலிங்கு இருக்கும், கீழே ஆயக்கட்டு இருக்கும். இந்த மூன்றுமே இல்லாத ஓர் ஏரியைப் பற்றி இன்றைக்குச் சொல்லப் போகிறேன். துருக்கி நாட்டில் இருக்கிறது. பெயர் துஸ் கோலு. அவர்கள் மொழியில் துஸ் என்றால் உப்பு, கோல் என்றால் ஏரி. பெயரிலேயே சங்கதி முடிந்துவிட்டது, பாருங்கள்.

துருக்கியின் நடுவே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஒரு பெரிய மேட்டுச் சமவெளி. மரம் அபூர்வம். கண்ணுக்கு எட்டிய வரை புல்லும் ஆட்டு மந்தையும், மழையை நம்பி விதைத்த கோதுமையும் பார்லியும்தான். இப்படிப்பட்ட நிலத்தை ஸ்டெப்பி என்பார்கள். வடக்கிலும் தெற்கிலும் மலைத்தொடர்கள் மேகத்தை மறித்துவிடுவதால் ஆண்டு மழை 300 மில்லிமீட்டரை ஒட்டித்தான். சமவெளியின் பள்ளத்தில் அங்காரா, கொன்யா, அக்சராய் என்ற மூன்று மாகாணங்களும் சேரும் இடத்தில் ஏரி கிடக்கிறது. நீளம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஆழத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்: வசந்த காலத்தில் நிறைந்திருக்கும்போதே பெரும்பாலும் இடுப்பளவுக்குக் கீழேதான்!

சரி, உப்பு எங்கிருந்து வந்தது? ஏரிக்கு அடியிலேயே பழங்கால உப்புப் படிவங்கள் உண்டு. நிலத்தடி நீர் அதைக் கரைத்து மேலே கொண்டுவருகிறது. இது போக, சுற்றுப்பக்கத்து ஓடைகளும் மண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் உப்பைக் கரைத்து வருகின்றன. வந்த தண்ணீர் வெளியேற ஒரே வழி ஆகாயம். வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளும், உப்பைத் தொடாது. இதையே ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு அரை கிராம் உப்புள்ள தண்ணீர் வாயில் அவ்வளவாகத் தெரியாது. அதையே ஓர் ஏக்கருக்கு மொத்தம் ஒரு மீட்டர் உயரம் பாய்ச்சினால், கூடவே இரண்டு டன் உப்பு வயலில் இறங்குகிறது. வடிகால் இல்லாவிட்டால் அது எங்கே போகும்? களர் பூத்த வயலுக்கும் இந்த ஏரிக்கும் அளவில்தான் வித்தியாசம்.

கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. இங்கே 300 கிராமுக்கும் மேல். ஆகஸ்டில் தண்ணீர் வற்றி, உப்புப் பாளம் வெள்ளை வெளேரென்று கிடக்கும். ஆள் நடந்து போகலாம். கரையோரத்து உப்பளங்களில் எடுக்கும் உப்புதான் துருக்கியின் தேவையில் பெரும்பகுதிக்கு ஆகிறது. ஏரியை ஒட்டி எதுவும் முளைக்காது. சற்று விலகினால் நம் உப்பங்கழிகளில் பார்க்கிற உமரி இனம், அதற்கப்பால் புல், அதையும் தாண்டித்தான் கோதுமை.

தண்ணீர் சிவந்து தெரிகிற நாட்களும் உண்டு. உப்பில் வாழும் ஒருவகைப் பாசியின் நிறம் அது. பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து குஞ்சு பொரிக்கின்றன. 2021 கோடையில் தண்ணீர் முன்கூட்டியே வற்றி, ஏராளமான குஞ்சுகள் அந்தப் பாளத்தின் மேலேயே செத்துக் கிடந்தன.

காரணம் மழைக் குறைவு மட்டும் அல்ல. ஓடைகளை மேலேயே அணை கட்டித் தேக்கிவிட்டார்கள். கொன்யா சமவெளியில் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகிவிட்டன. அனுமதி இல்லாதவையும் நிறைய. மானாவாரிக் கோதுமை இருந்த இடத்தில் சர்க்கரைக் கிழங்கு, மக்காச்சோளம், குதிரைமசால். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கிழங்குக்கு ஆலை இருக்கிறது, கையில் காசு வருகிறது. மானாவாரிக் கோதுமையில் அது வராது. ஆனால் நிலத்தடி நீர் இறங்க இறங்க, தெற்கே கராபினார் பக்கம் சுண்ணாம்புப் பாறை குடைந்துபோய், வயல் நடுவே திடீரென்று பெரும் பள்ளங்கள் விழுகின்றன. ஒப்ருக் என்பது அவற்றின் பெயர். ஏரிக்கு அருகே இருப்பவர்களுக்கு வேறு ஒரு பயம். நல்ல தண்ணீரை அளவு மீறி இறைத்தால் அது விட்ட இடத்தை உப்பு நீர் வந்து பிடித்துக்கொள்ளும். அப்புறம் மோட்டார் ஓடும், கிணற்றிலும் தண்ணீர் இருக்கும், பயிருக்குத்தான் ஆகாது.

2000-ஆம் ஆண்டில் ஏரியைச் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அரசு அறிவித்தது. எல்லைக்கோடு ஏரியைச் சுற்றிப் போட்டாயிற்று. ஏரிக்கு வர வேண்டிய தண்ணீரோ அந்தக் கோட்டுக்கு வெளியே, வெகு தூரத்துக் கிணறுகளில் இறைபட்டுக்கொண்டிருக்கிறது.