தொகையை விரித்தல்: மரபணு ஆய்வேட்டில் ஒரு சொற்சிக்கல்

மக்களிடையே ஒரு நோய் காணப்படும் முறைக்கும் அவர்தம் மரபணு வேறுபாடுகளுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறை மரபணுசார் நோய்ப்பரவலியல் ஆகும். இத்துறையில் ஆய்வேடு எழுதும் மாணவர் பெரும்பாலும் நோயுள்ளோர், நோயற்றோர் என இரு குழுக்களை எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட ஒரு வேறுபாடு முதற்குழுவில் மிகுந்துள்ளதா எனக் கணக்கிடுகிறார். மிகுந்திருப்பின், அவர் கண்டது ஒரு தொடர்பு. அதனைத் தமிழில் எடுத்துரைக்கும்போது ‘நீரிழிவு மரபணு’, ‘பருமன் மரபணு’ போன்ற தொகைச்சொற்கள் எளிதாக வந்து அமைந்துவிடுகின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இலக்கணம் கற்றோர் இதனை உடனே உணர்வர். பொற்குடம் என்பது பொன்னால் ஆகிய குடம். பாற்குடம் என்பது பாலை உடைய குடம். இரண்டின் அமைப்பும் ஒன்றே. மறைந்து நிற்கும் உருபும் பயனும் வேறு. ‘பருமன் மரபணு’ என்பதைப் பருமனை உண்டாக்கும் மரபணு என விரிப்பதா, பருமனோடு தொடர்புடைய மரபணு என விரிப்பதா? மாணவர் கண்டது பின்னது. கேட்போர் கொள்வது முன்னது.

எஃப்டிஓ என்னும் மரபணுவிலுள்ள ஒரு வேறுபாடு உடல் பருமனோடு தொடர்புடையது என்பதை, 2007ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதில் இடம்பெற்றோர் 38,759 பேர். தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் அவ்வேறுபாட்டைப் பெற்றிருந்த பெரியவர்கள், எவ்வழியிலும் பெறாதவர்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ 3 கிலோகிராம் கூடுதல் எடை கொண்டிருந்தனர். சராசரி என்பது குழுவைப் பற்றிய செய்தி. அக்குழுவில் மெலிந்தோரும் இருப்பர். 2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, அவ்வேறுபாடு எஃப்டிஓவின் எல்லைக்குள் இருந்தபோதிலும், தொலைவிலுள்ள ஐஆர்எக்ஸ்3, ஐஆர்எக்ஸ்5 ஆகிய மரபணுக்களின் செயற்பாட்டை மாற்றுகிறது என விளக்கியது. ‘பருமன் மரபணு’ என்று எஃப்டிஓவை அழைத்தவர்கள், தொடர்பு காணப்பட்ட இடத்தையே காரணமாகக் கொண்டுவிட்டனர்.

சிங்கப்பூர், மலேசியா போன்ற பல்லின நாடுகளில் இன்னொரு வழியிலும் பிழை நேரலாம். நோயுள்ளோர் குழுவில் ஓரினத்தார் மிகுந்தும் மற்றக் குழுவில் குறைந்தும் இருந்தால், அவ்வினத்தில் இயல்பாகவே மிகுந்திருக்கும் எந்த வேறுபாடும் நோயோடு தொடர்புடையது போலத் தோன்றும். உண்மைக் காரணம் உணவுப் பழக்கமாகவே இருக்கலாம். ஆதலின், பங்கேற்போரின் மூதாதையர் வழியையும் மாணவர் தம் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

ஆய்வேட்டுச் சொல் நூலகத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆய்வுக்கு இரத்தம் தந்த முதியவரின் ஒப்புதல் படிவத்திற்கும் நாளிதழுக்கும் அது செல்கிறது. தமக்கு ‘நீரிழிவு மரபணு’ உண்டு எனப் படிப்பவர், நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் பயனற்றவை எனக் கைவிடக்கூடும். மகளின் திருமணப் பேச்சில் அச்சொல் தடையாகவும் வந்து நிற்கக்கூடும்.

எனவே மாணவர் தொகையை விரித்தே எழுதுதல் நன்று: ‘இவ்வேறுபாடு உடையோரிடையே இந்நோய் இத்தனை மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது’ என்றால் போதும். எத்தனை பேரிடையே, எம்மக்களிடையே என்பதையும் உடன் கூறலாம். தொகைநிலைத் தொடர் கற்பிக்கும் ஆசிரியர்கள், பொற்குடத்தோடு இத்தகைய செய்தித் தலைப்பு ஒன்றையும் வகுப்பில் விரிக்கச் செய்யலாம். இலக்கணமும் அறிவியலும் ஒரே பயிற்சியில் கைகூடும்.