விண்டோஸை விடுவதற்கு முன்

ஆடிப் பதினெட்டு வந்தால் சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பங்கள் வெளியாகிவிடும். அதன் பிறகு தை பிறக்கும் வரை அச்சகங்களுக்கும் அவற்றுக்கு டிசைன் செய்து கொடுக்கும் டி.டி.பி. கடைகளுக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. காலண்டர் அட்டையில் ஏற வேண்டிய ஜவுளிக்கடைப் பெயர், பட்டாசுப் பெட்டியின் லேபிள், சாத்தூர் சாலையோரப் பட்டாசுக் கடைகளின் தீபாவளி விலைப்பட்டியல், சாத்தூர் காராச்சேவுப் பொட்டலத்தின் மேலுறை என எதுவானாலும் முதலில் ஒரு கணினித் திரையில்தான் பிறக்கிறது. அந்தக் கணினியில் பெரும்பாலும் ஓடுவது விண்டோஸ். அதற்குள் கோரல்டிரா, போட்டோஷாப், பழைய பேஜ்மேக்கர் இருக்கும். கணக்குக்கு டேலி இருக்கும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது. இன்டெல் செயலியாக இருந்தால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்கிறது. 2017க்கு முன்பு வாங்கிய, இன்றும் நன்றாக ஓடுகிற பெட்டிகள் பெரும்பாலும் அந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

இந்த இடத்தில்தான் லினக்ஸ் பற்றிய பேச்சு வருகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு ஓர் இயங்குதளம் வேண்டும் என்று 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்குத் தேவைப்பட்ட கருவை எழுதினார். இரண்டும் சேர்ந்ததைப் பலரும் பலவிதமாகத் தொகுத்துக் கொடுக்கிறார்கள்: 1993இல் தொடங்கிய டெபியன், 2004இல் வந்த உபுண்டு, உபுண்டுவை அடியொற்றிய லினக்ஸ் மின்ட். காசு கொடுக்க வேண்டியதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும், கடிதம், கணக்குத்தாள் எல்லாம் செய்கிற லிப்ரே ஆஃபீஸும் பெரும்பாலும் நிறுவும்போதே கூட வந்துவிடும். பழைய கணினிக்கு மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு பொருத்தமானது, 4 ஜி.பி. ரேம் இருந்தால் தாராளம். நிறுவாமலே பார்க்கவும் வழியுண்டு. 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் அதை ஏற்றி, கணினியைத் திறக்கும்போது எஃப்12 அல்லது எஃப்9 போன்ற விசையை அழுத்தி (கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும்) பென்டிரைவிலிருந்து தொடங்கச் சொன்னால் போதும். உள்ளே இருக்கும் விண்டோஸில் கைவைக்காமல் முழு லினக்ஸும் திரையில் வந்து நிற்கும். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, பிரிண்டர் அசைகிறதா என்று அரைமணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாம்.

லினக்ஸ் ஆர்வலர்கள் வழக்கமாக இத்தோடு பேச்சை முடித்து, 'மாறிவிடுங்கள்' என்பார்கள். அந்த அறிவுரையை நான் தலைகீழாகச் சொல்வேன்: இயங்குதளத்தைக் கடைசியில் மாற்றுங்கள். ஒரு சிறு அச்சகத்தையோ கடையையோ விண்டோஸோடு கட்டிப் போட்டிருப்பது விண்டோஸ் அல்ல. இருபது வருஷமாகச் சேர்ந்துவிட்ட கோப்புகளும், அவற்றுக்குள் இருக்கும் எழுத்துருக்களும்தான் கயிறு. அந்தக் கயிற்றை அவிழ்க்காமல் இயங்குதளத்தை மட்டும் மாற்றியவர்கள் ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிடுவார்கள். அவிழ்த்தவர்களுக்கோ எந்த இயங்குதளம் என்பது சாதாரணக் கேள்வியாகிவிடும்.

பேஜ்மேக்கரையே எடுத்துக்கொள்வோம். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். 2004இல் அடோபி அதை வளர்ப்பதை நிறுத்திவிட்டது. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம் அதற்குத் தெரியாது. ஆகவே அதில் தமிழ் அடிப்பவர்கள் பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களை நம்பினார்கள். பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தாம். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறார்கள், அவ்வளவே. எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் சட்டை கழன்றுவிடும். தேடினால் கிடைக்காது, அகரவரிசைப்படுத்தினால் தாறுமாறாகும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வாங்குகிறவருக்குப் புரியாது. பதினைந்து வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் விலைப்பட்டியல்களும் இப்படிப்பட்ட கோப்புகளில் கிடக்கின்றன. கடைக்காரர் தன் சரக்குப் பட்டியலுக்கே சொந்தக்காரர் இல்லை என்ற நிலைமை இது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யூனிகோடையும் அச்சுத் துறைக்கென டேஸ்16 குறியாக்கத்தையும் ஏற்று ஆணையிட்டது. டி.டி.பி. கடைகள் பலவற்றில் அந்த ஆணை இன்னும் நுழையவில்லை.

லினக்ஸில் தமிழ் சரியாக வருமா என்பது முதலில் கேட்கப்படும் கேள்வி. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 விசைப்பலகை லினக்ஸ் தொகுப்புகளில் கிடைக்கிறது. அமைப்புகளில் உள்ளீட்டு முறையாக அதைச் சேர்த்துக்கொண்டால் போதும். அந்த முறையில் 'சாத்தூர்' என்று அடிக்க ஏழே தட்டு: ச, ஆ, த, த, ஊ, ர, புள்ளி. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். லோகித், நோட்டோ, மீரா இனிமை போன்ற எழுத்துருக்கள் இலவசம். அச்சில் போடவும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். பாமினி போன்ற பழைய குறியாக்கங்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவதற்கு 'ஓப்பன்-தமிழ்' என்ற நிரல் தொகுப்பில் கருவி இருக்கிறது. 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழ் இவற்றையெல்லாம் தமிழிலேயே சொல்லித் தருகிறது. ஆகத் தமிழைக் காரணம் காட்டி லினக்ஸை ஒதுக்க இன்று வழியில்லை.

'அரசே இலவசமாகக் கொடுத்துப் பார்த்தது, ஒன்றும் ஆகவில்லையே' என்பது அடுத்த ஆட்சேபம். இது நியாயமான ஆட்சேபம். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. 2006, 2007 வாக்கில் தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் அந்த அலுவலகத்துக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபீஸுக்கும் மாற்றினார். 2007இல் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டது; அது உருவானது சென்னையில். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே மாணவர் கைக்கு வந்தன. பாஸைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. படத்துக்கும் பாட்டுக்கும் இடம் வேண்டி அதை அழித்தவர்கள் உண்டு. ஏன் என்பதற்கு நம் பாடநூல்களிலேயே விடை இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் ஓப்பன் ஆஃபீஸும் உபுண்டுவும் சொல்லித் தருகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புக் 'கணினிப் பயன்பாடுகள்' நூலில், 2004இலேயே அடோபி கைவிட்ட பேஜ்மேக்கருக்குத் தனிப் பாடம் இருக்கிறது. நூல் எழுதியவர்களைப் பழித்துப் பயனில்லை. படித்துவிட்டு வேலை கேட்டுப் போகிற பையனுக்குச் சிவகாசிக் கடையில் அதைத்தான் கேட்கிறார்கள்.

கேரளத்தில் வேறு மாதிரி செய்தார்கள். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐ.டி.@ஸ்கூல் என்று தொடங்கி இன்று கைட் என்று பெயர் பெற்ற நிறுவனம், பள்ளிகளுக்கென்றே உபுண்டுவைத் திருத்தித் தொகுத்தது. பாடநூல் அந்த மென்பொருளில், ஆசிரியர் பயிற்சி அந்த மென்பொருளில், பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வும் அதே மென்பொருளில். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் அதை நிறுவியதால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் அந்நிறுவனம் கணக்குச் சொன்னது. எல்லா உரிமத்தையும் முழு விலைக்கு வாங்கியிருப்போம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. தொகையைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளைகள் அதைப் பயன்படுத்தினார்கள் என்பதில் சந்தேகமில்லை. நாம் இயங்குதளத்தைக் கொடுத்துவிட்டு வேலையைப் பழையபடி விட்டோம். அவர்கள் வேலையையே அதில் கொண்டுபோய் வைத்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி அச்சகக்காரரின் ஆட்சேபத்துக்கு வருவோம், அதுதான் கனமானது. கோரல்டிரா லினக்ஸில் ஓடாது. 2000இல் லினக்ஸுக்கென்று ஒரு பதிப்பை கோரல் வெளியிட்டது, பிறகு கைவிட்டுவிட்டது. அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் இங்க்ஸ்கேப் நல்ல கருவி. கோரல் கோப்புகளை ஓரளவு திறக்கவும் செய்யும். ஆனால் அச்சு கேட்கிற நான்கு வண்ணப் பிரிப்பில் அது பலவீனமானது. நிழல், வலைநிரப்பு போன்ற வேலைப்பாடுகள் திறக்கும்போது உடைவதும் உண்டு. ஜிம்ப் அடிப்படையில் திரை வண்ணத்தில் வேலை செய்வது. நான்கு வண்ணமும் தனி மையும் வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் இருக்கிறது. அச்சுக்கென்று தரப்படுத்திய பி.டி.எஃப். தரும். முன்பெல்லாம் அதில் தமிழ்க் கொம்பும் காலும் இடம் மாறி விழும். 2024இல் வந்த 1.6 பதிப்பில் அது சரியாகிவிட்டது. ஆகப் புத்தகம், துண்டறிக்கை, விலைப்பட்டியல் ஆகியவற்றுக்கு லினக்ஸ் போதும். தங்க மையும் புடைப்பும் சேர்ந்த பட்டாசு லேபிளுக்கு இன்றைக்குப் போதாது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. டேலிக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. ஜி.எஸ்.டி. தளமும் இ-வே பில்லும் உலாவியில் நடப்பவை, அவற்றுக்குத் தடையில்லை. பிரிண்டர் விஷயத்தில் ஆளுக்கொரு கதை: எச்.பி. பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். ஊரெல்லாம் இருக்கிற கேனன் எல்.பி.பி. 2900 தனி டிரைவர் கேட்டு மல்லுக்கட்டும்.

இதற்கெல்லாம் என் பதில், எல்லாப் பெட்டியையும் மாற்ற வேண்டாம் என்பதே. நான்கு கணினி இருக்கிற கடையில் கோரலுக்கும் டேலிக்கும் ஒன்றிரண்டு விண்டோஸ் இருக்கட்டும். மெயில் பார்ப்பது, பில் போடுவது, தட்டச்சு, பிழைதிருத்தம், வாடிக்கையாளருக்கு மாதிரி காட்டுவது என்று மீதி வேலைகளுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி இதை வேறுவிதமாகச் செய்து பார்த்தது. பத்தாண்டு உழைத்து ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் விண்டோஸுக்கே திரும்புவதென முடிவெடுத்தது. அதில் அரசியலும் நிர்வாகக் குளறுபடியும் இருந்தன. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்த மைக்ரோசாஃப்ட் ஆவணங்களோடு ஒத்துப்போகாத தொல்லையும் இருந்தது. அவ்வளவு பெரிய நகரமே கோப்பு விஷயத்தில் தடுக்கி விழுந்தது என்றால், ஒரு சிறு கடை அந்த இடத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

'காசு கொடுக்காமலே விண்டோஸும் கோரலும் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?' என்று வெளிப்படையாகக் கேட்பவர்களும் உண்டு. திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. சட்டத்தைவிட நடைமுறை ஆபத்து பெரியது. நகலை உடைக்கக் கொடுக்கும் சின்ன நிரலுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது. 2017 மேயில் உலகையே ஆட்டிய வானாக்ரை என்ற தீநிரல், திருத்தம் போடாத விண்டோஸ் கணினிகளைத்தான் குறிவைத்துக் கோப்புகளைப் பூட்டியது. அப்படி ஒன்று ஐப்பசி மாதத்தில் ஒரு லேபிள் டிசைன் கடையில் நுழைந்தால் அந்த ஆண்டு வியாபாரமே போயிற்று.

லினக்ஸைப் பழுது பார்க்க ஊரில் ஆள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இந்த வட்டாரத்துக்கு அந்தக் காரணம் பொருந்தவில்லை. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்தார்கள். லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத்தொழில் பின்னால் வந்தது. ஒருவர் கற்றதைப் பக்கத்திலிருப்பவர் பார்த்துக் கற்றே இத்தனை பட்டறைகளும் உண்டாயின. பாலிடெக்னிக் முடித்த ஒரு பிள்ளையை உட்கார வைத்தால் மின்ட் நிறுவவும் பழுது பார்க்கவும் சில வாரங்களில் கைவந்துவிடும். கற்பதற்கு உரிமத் தொகை கட்ட வேண்டியதில்லை என்பதே இதில் பெரிய வசதி.

எனவே வரிசை இதுவாக இருக்கட்டும். இப்போதுள்ள விண்டோஸிலேயே லிப்ரே ஆஃபீஸையும் இங்க்ஸ்கேப்பையும் ஸ்கிரைபஸையும் போட்டுப் பழகுங்கள்; மூன்றும் அதிலும் ஓடும். இன்று முதல் அடிக்கிற தமிழை யூனிகோடில் அடியுங்கள். பழைய கோப்புகளில் திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், மற்றவை கிடக்கட்டும். அதன் பிறகு விண்டோஸ் 11 ஏற மறுக்கிற பெட்டியில் லினக்ஸை ஏற்றுங்கள். லேபிளோ விலைப்பட்டியலோ அச்சடிக்கக் கொடுக்கிற கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த முறை பில் கட்டும்போது அச்சுக்குரிய பி.டி.எஃப். மட்டுமின்றி எஸ்.வி.ஜி. வடிவில் மூலக் கோப்பையும், யூனிகோடில் உள்ள உங்கள் தமிழ் வாசகத்தையும் டிசைனரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்தவர் நீங்கள்.