புறா வளர்ப்பு

காட்சிக்கு நிறுத்தும் மயிற்புறா, வானில் கரணமடிக்கும் கர்ணப்புறா, தொலைவிலிருந்து கூடு திரும்பும் பந்தயப் புறா என நாம் வளர்ப்பன யாவும் மாடப்புறாவின் வழிவந்தவையே என்று டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். வளர்ப்போர் தலைமுறைதோறும் இணையைத் தெரிந்து சேர்த்ததே இவ்வேற்றுமைக்குக் காரணம். ஆதலின் நோயற்ற, நல்லியல்புடைய இணையைத் தேர்தல் நம் முதற்கடமையாகும்.

பெட்டை பெரும்பாலும் 2 முட்டைகளிடும். பகலில் சேவலும் மற்றப் பொழுதில் பெட்டையுமாக அடைகாக்க, ஏறத்தாழ 18 நாட்களில் குஞ்சு பொரிக்கும். முதற் சில நாட்களில் இரண்டுமே தம் தீனிப்பையில் சுரக்கும் பாலை ஊட்டும். 7-ஆம் நாளளவில் அடையாள வளையம் இடவேண்டும். பிந்தினால் கால் பருத்து வளையம் ஏறாது.

சிறகு வலுக்குமுன்பே குஞ்சு கூட்டின் சுற்றுப்புறத்தைக் கண்டு பழகட்டும். பசியோடு பறக்கவிட்டு, சீழ்க்கையடித்து அழைத்துத் தீனியிட்டால் தவறாமல் இறங்கப் பழகும். கம்பு, சோளம், பயறு ஆகியவை ஏற்ற தீனி.

பயிர்செய்யும் அங்கத்தினர்க்கு ஓர் எச்சரிக்கை: விதைப்பில் எஞ்சிய மருந்து கலந்த தானியத்தைப் புறாவுக்கு இடலாகாது, கூட்டருகில் சிந்தவும் கூடாது. பல ஆண்டுகள் தேர்ந்து வளர்த்த இனத்தை ஒரு பிடி நச்சு விதை ஒரே நாளில் அழித்துவிடக்கூடும். விதைச் சாக்கையும் தீனிச் சாக்கையும் வேறு வேறு இடத்தில் வைப்போமாக.