வகுப்பறையில் ஆட்டிசக் குழந்தை

தில்லி மாநகரில் பள்ளியாண்டு ஏப்ரல் மாதத்தில் தொடங்குகின்றது. தொடங்கி மூன்று நான்கு வாரங்கள் கழிவதற்குள் சில பெற்றோருக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வருவதுண்டு. “உங்கள் குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, வரிசையில் நிற்பதில்லை, காலை வழிபாட்டில் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான், எங்கள் பள்ளி அவனுக்கு ஏற்றதாக இராது என்று நினைக்கிறோம்” என்று ஆசிரியை மிக்க மரியாதையுடனேயே கூறுவார். ஆட்டிசம் என்னும் சொல் பல குடும்பங்களில் முதன்முறையாக நுழைவது இந்த வாயில் வழியாகத்தான். குழந்தைக்கு அப்பொழுது நான்கு அல்லது ஐந்து வயது இருக்கும். அந்த வயதில் ஆசிரியர் அவனை நடத்தும் முறையைப் பொறுத்தே, அவன் பள்ளியில் நிலைப்பானா, வீட்டோடு நின்றுவிடுவானா என்பது பெரும்பாலும் முடிவாகின்றது. ஆதலின் இந்நிலை யாது, ஆசிரியர் செய்யத்தக்கது யாது என்பதை நேயர்களுடன் சற்றே ஆராய விரும்புகிறோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது ஆட்டிசம். சுவிட்சர்லாந்து மனநோய் மருத்துவர் பிளாய்லர் வேறொரு நோயின் கூறினைக் குறிக்க இதனை ஆண்டார். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணிபுரிந்த லியோ கேனர், பதினொரு குழந்தைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றில் இன்றைய பொருளில் அதனை நிலைநிறுத்தினார். இந்தி மொழியில் அரசாங்க ஏடுகள் ‘ஸ்வலீனதா’ என்கின்றன. தன்னுள் லயித்திருத்தல் என்று பொருள். தமிழில் ‘மதியிறுக்கம்’ என்றும், ‘புற உலகச் சிந்தனையற்ற நிலை’ என்றும் எழுதுகின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவற்றுள் ஒன்றும் மனநிறைவு அளிக்கவில்லை. மதி இறுகிக் கிடக்கின்றது என்று ஆசிரியர் நம்பினால், கற்பிக்கும் ஆவலே அவருக்கு எழாது. புற உலகம் இக்குழந்தையின் சிந்தையில் இல்லை என்பதும் பொருந்தாது. பல வேளைகளில் புற உலகம் அளவுக்கு மிஞ்சி அவனுள் புகுந்துவிடுவதே அவனுடைய துன்பம். ஆகவே ஆட்டிசம் என்னும் சொல்லையே இங்கு ஆளுகிறோம்.

இஃது ஒரு நோயன்று. பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் அமைந்த ஒரு வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகுவதில் இடர்ப்பாடும், ஒரே செயலையோ ஒரே ஒழுங்கையோ விடாது பற்றி நிற்றலும், ஒலி ஒளி தொடுகை முதலிய புலனுணர்வுகளில் மிகையோ குறைவோ இருத்தலும் இதன் அடையாளங்கள். சில குழந்தைகள் பேசவே மாட்டார்கள். சிலர் இரயில் நிலையங்களின் பெயர்களை வரிசை பிறழாமல் ஒப்பிப்பார்கள். தாயின் அன்பின்மையே காரணம் என்று ஒரு காலத்தில் கற்றோரும் கூறிவந்தனர். புரூனோ பெத்தல்ஹெய்ம் 1967-இல் வெளியிட்ட நூல் அக்கொள்கையைப் பரப்பியது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, தாமே ஓர் ஆட்டிசக் குழந்தையின் தந்தையான பெர்னார்டு ரிம்லாந்து அதனை மறுத்து எழுதியிருந்தார். இன்று அறிவியலார் மரபணுக்களின் பங்கே பெரிது என்கின்றனர். எனினும் “வீட்டில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்” என்று தாயைப் பார்த்துக் கூறும் வழக்கம் நம் பள்ளி வாயில்களில் இன்னும் மறையவில்லை.

இனி, வகுப்பறையை அக்குழந்தையின் இடத்திலிருந்து நோக்குவோம். மணி அடிக்கின்றது. நாற்பது குழந்தைகள் ஒரே குரலில் ‘குட் மார்னிங் மேடம்’ என்கின்றனர். மேலே மின்விசிறி கடகடக்கின்றது. குழல் விளக்கு இமைக்கின்றது. பெஞ்சு ஒன்று தரையில் உராய்கின்றது. பக்கத்து வகுப்பிலிருந்து வாய்ப்பாடு கேட்கின்றது. ஏனையோர் இவற்றுள் வேண்டாதனவற்றை விலக்கி ஆசிரியையின் குரலை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். இவனுக்கோ அனைத்தும் ஒரே வலுவுடன் வந்து மோதுகின்றன. அவன் காதைப் பொத்துவதும், மேசைக்கடியில் போய் ஒடுங்குவதும், கைகளை உதறிக்கொண்டேயிருப்பதும் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சிகள். ஆசிரியைக்கு அவை சேட்டையாகத் தோன்றுகின்றன.

பேச்சிலும் இத்தகைய தவறான பொருள்கோள் நிகழ்கின்றது. “உன் பெயர் என்ன?” என்று கேட்டால் குழந்தை “உன் பெயர் என்ன?” என்றே திருப்பிச் சொல்கின்றான், வகுப்பு சிரிக்கின்றது. கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல் இக்குழந்தைகள் பலர் மொழியைக் கற்கும் வழிகளுள் ஒன்று. “தண்ணீர் வேண்டுமா?” என்று அவனே வந்து சொன்னால், தனக்குத் தண்ணீர் வேண்டும் என்பது அதன் கருத்தாகலாம், தண்ணீர் கொடுக்கப்படும்போதெல்லாம் அவன் கேட்ட சொற்கள் அவை அல்லவா? மேலும் அவன் சொற்களை உள்ளவாறே கொள்வான். “புத்தகத்தைத் திறக்க முடியுமா?” என்றால் “முடியும்” என்று விடை கூறிவிட்டுச் சும்மா இருப்பான். தில்லி வகுப்புகளில் ‘காதைத் திறந்து கேள்’ என்னும் இந்தி வழக்கு அடிக்கடி ஒலிக்கும். அதனைக் கேட்டுத் தன் காதைத் தடவிப் பார்க்கும் குழந்தை ஆசிரியரை ஏளனம் செய்யவில்லை.

கண்ணைப் பார்த்துப் பேசவேண்டும் என்னும் கட்டளையும் இத்தகையதே. பெரியவர்களை முகத்துக்கு நேரே உற்றுப் பார்ப்பது பணிவன்று என்று பழகிய நாட்டில், இஃது எப்பொழுது இத்துணைப் பெரிய ஒழுக்க விதியாயிற்று என்பது நமக்கு விளங்கவில்லை. ஆட்டிசம் உள்ளோர் பலர், கண்ணைப் பார்த்தால் சொல் காதில் ஏறாது, பார்வையை அகற்றினாலே கேட்க முடிகின்றது என்று தாமே எழுதியுள்ளனர்.

தமிழ்நாட்டை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. வீட்டில் தமிழ், வீதியில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்றிருக்க, “ஒரே மொழி பேசுங்கள், தமிழை விட்டுவிடுங்கள்” என்று அறிவுரை கூறுவோர் பலர். பன்மொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தையின் பேச்சைக் கெடுக்கின்றது என்பதற்கு ஆராய்ச்சிகள் சான்று தரவில்லை. பாட்டியும் தாயும் தடுமாற்றமின்றிப் பேசும் மொழியைப் பறித்துவிட்டால், முன்னமே பேச்சில் இடர்ப்படும் குழந்தைக்கு வீட்டிலும் பேச்சு குறைந்துவிடும்.

நம் பள்ளிகளில் இக்குழந்தைகள் எவ்வாறு நடத்தப்படுகின்றனர்? அடி விழுதலும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துதலையும் ஒருங்கே தடை செய்கின்றது. ஆயினும் அடியைக் காட்டிலும் பரவலானது அன்போடு ஒதுக்கிவைத்தல் என்று கருதுகிறோம். குழந்தை கடைசிப் பெஞ்சில் அமர்த்தப்படுகின்றான். கையில் வண்ணக் கோல்கள் தரப்படுகின்றன. பாடம் அவனை விட்டுவிட்டு நடக்கின்றது. காலை பத்து மணிக்குத் தாய்க்குத் தொலைபேசி. அவர் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லி ஓடி வருகின்றார். நாளடைவில் வேலையையே விடுகின்றார். ஆண்டு விழாவன்று “கூட்டம் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லப்படுகின்றது. ஒருவரும் கடுஞ்சொல் கூறவில்லை. ஆனால் அவன் பள்ளியில் இல்லை. அமைதியாக இருக்கும் பெண் குழந்தைகளின் நிலை இதனினும் மோசம். தொந்தரவு தராததால் அவர்களை ஒருவரும் கவனிப்பதே இல்லை.

ஆசிரியர்மீது மட்டும் பழி சுமத்துதல் முறையாகாது. நாற்பது குழந்தைகளையும் முடிக்கவேண்டிய பாடத்திட்டத்தையும் அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, இதனைப் பற்றிய பயிற்சியை மட்டும் பெயரளவில் கொடுத்திருக்கிறோம். ஆயின், பட்டங்கள் இன்றியும் இதனைச் செய்தோர் உண்டு.

கேனரின் பதினொரு குழந்தைகளுள் முதலாவதாக எண்ணப்பட்டவர் டொனால்டு டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933-இல் பிறந்தவர். நான்கு வயதுகூட நிரம்புவதற்கு முன் மருத்துவர் சொற்படி ஒரு விடுதியில் விடப்பட்டார். பெற்றோர் ஓராண்டுக்குப் பின் அவரை மீட்டுக்கொண்டனர். ஒன்பது வயதளவில், வீட்டிலிருந்து ஏறத்தாழப் பத்து மைல் தொலைவில் இருந்த ஓர் உழவர் தம்பதியரிடம் வாழச் சென்றார். 1945-இல் கேனர் நேரில் சென்று கண்டவை இவை. சிறுவனுக்கு எதையும் அளந்துகொண்டேயிருக்கும் பித்து. அவ்வுழவர் அவனைக் கிணறு தோண்டச் செய்து, ஆழத்தை அளந்து சொல்லும்படி ஏவினார். இறந்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கி வந்தான். அவற்றைப் புதைக்க ஒரு மூலை நிலம் ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் அடையாளப் பலகை நடச் செய்தார். சோள வரிசைகளை ஓயாது எண்ணினான், உழுதுகொண்டே எண்ணு என்றார், அவனும் உழுதான். அவன் படித்த நாட்டுப்புறப் பள்ளியோ அவனுடைய விசித்திரங்களை இயல்பென ஏற்றுக்கொண்டது. படிப்பிலும் அவன் தேறினான். பின்னர் 1958-இல் கல்லூரிப் பட்டம் பெற்று, சொந்த ஊரில் வங்கியொன்றில் பணியாற்றி, தனியே பல நாடுகளைச் சுற்றி வந்து, 2023-இல் தம் 89-ஆம் வயதில் காலமானார். அவர் குடும்பம் செல்வம் உடையது என்பதையும், ஆட்டிசக் குழந்தைகள் யாவரும் இவ்வாறு வளர்வர் என்று கொள்ளலாகாது என்பதையும் மறத்தற்கில்லை. நாம் கருதுவது அவ்வுழவரின் முறையை. எண்ணுவதை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை.

நம் வகுப்பறைகளில் இம்முறைக்கு வேலை நிறைய உண்டு. இரயில் மோகமுள்ள குழந்தைக்குக் கூட்டல் கணக்கை இரயில் பெட்டிகளைக் கொண்டு சொல்லித் தரலாம். அன்றைய வேலைகளைச் சிறு சிறு படங்களாக அட்டையில் வரைந்து, வழிபாடு, மொழி, கணிதம், உணவு, விளையாட்டு என்று வரிசையாகச் சுவரில் மாட்டி, முடிந்ததை ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்கச் சொல்லலாம். அடுத்து வருவது யாது என்று அறிந்த குழந்தையின் அச்சம் பாதி தணிந்துவிடும். ஓவிய வகுப்புக்கு மாறாகக் கணக்கு வகுப்பு வருமாயின் அதனை முன்னதாகவே சொல்லிவிடவேண்டும். கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்காமல், பெயர் சொல்லி ஒன்றைக் கூறி, மனத்திற்குள் பத்து எண்ணும் அளவு காத்திருக்கவேண்டும். விடை தாமதமாக வருகின்றதேயொழிய வராமல் இல்லை. வாயில், மின்விசிறி, மணி ஆகியவற்றுக்கு எட்ட இருக்கை தரலாம். பேசாத குழந்தைக்குப் படத்தைக் காட்டிக் கேட்கும் வழியை அமைத்துத் தரவேண்டும். அது பேச்சைத் தடுத்துவிடும் என்னும் அச்சம் வேண்டுவதில்லை.

அலறலும் புரளலும் நேரும்போது ஆசிரியர் அறியவேண்டியது ஒன்றுண்டு. மிட்டாய்க்காக அழும் குழந்தை, யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் நோக்கும். கேட்டது கிடைத்தால் அழுகை நிற்கும். புலன்கள் தாங்காமல் நிலைகுலையும் குழந்தை எவரையும் பார்ப்பதில்லை. எதைக் கொடுத்தாலும் உடனே நிற்பதில்லை. அவ்வேளையில் விளக்கம், அதட்டல், கையைப் பிடித்திழுத்தல் யாவும் சுமையைக் கூட்டும். சொற்களைக் குறைத்து, பிற குழந்தைகளை விலக்கி, அமைதியான மூலைக்கு வழிவிட்டு அருகில் இருத்தலே போதும். தணிந்தபின் அதற்குமுன் நடந்தது யாது என்பதை ஆசிரியர் ஏட்டில் குறித்துவைப்பது நன்று. நான்கு குறிப்புகள் சேர்ந்தால் காரணம் பெரும்பாலும் தானே தெரிந்துவிடும்: உணவு மணியாக இருக்கலாம், சட்டைக் காலரின் உறுத்தலாக இருக்கலாம்.

இப்பொழுது நகரப் பள்ளிகள் சில, குழந்தையுடன் ‘நிழல் ஆசிரியை’ ஒருவரைப் பெற்றோரே சம்பளம் கொடுத்து அனுப்பவேண்டும் என்கின்றன. தொடக்கத்தில் அவ்வுதவி நன்மையே. ஆனால் வகுப்பாசிரியை அக்குழந்தையிடம் பேசுவதையே நிறுத்தி, அனைத்தையும் நிழலிடம் விட்டுவிடுவாராயின், வகுப்புக்குள்ளேயே ஒரு தனி வகுப்பு உண்டாகிவிடுகின்றது. சம்பளம் கொடுக்க இயலாத பெற்றோரின் நிலையோ சொல்லவேண்டுவதில்லை.

சட்டத்தின் நிலையும் அறியத்தக்கது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைச் சேர்த்துக்கொண்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 நிலைகளுள் ஒன்றாக அதனை வகுத்து, பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ளவும் அவரவர் தேவைக்கேற்ற நியாயமான வசதி செய்து தரவும் அரசு நடத்துகின்ற, அரசு நிதி பெறுகின்ற, அரசு அங்கீகாரம் உள்ள கல்வி நிலையங்களைப் பணிக்கின்றது. தொடக்க வகுப்புகளில் பத்து மாணவர்க்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் பதினைந்து மாணவர்க்கு ஒருவர் என்னும் விகிதத்தில் சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறியது. ‘நியாயமான வசதி’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில், மிகையான சுமையை உண்டாக்காதவாறு என ஒரு தொடர் உண்டு. பள்ளி நிருவாகங்களுக்கு அத்தொடர் மனப்பாடமாக உள்ளது. சுவரில் மாட்டும் பட அட்டைக்குத் தேவை அட்டையும் பசையும் கத்தரிக்கோலும்.

மார்ச்சு மாதத்தில் ஆண்டு முடியும்போது இதுவரை கூறியவை யாவும் ஓர் இரவில் வீணாகிவிடக்கூடும். புதிய வகுப்பு, புதிய ஆசிரியை, புதிய அறை. ஓராண்டு முயன்று அறிந்தவை பழைய ஆசிரியையோடு போய்விடுகின்றன. இதற்குச் சில ஆசிரியைகள் கையாளும் வழி எளிது. எந்த ஒலி ஆகாது, எந்த வார்த்தைக்கு அடங்குவான், கழிவறைக்குப் போகவேண்டுமென்றால் என்ன செய்வான், எவரோடு அமர்ந்தால் எழுதுவான் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி அடுத்த ஆசிரியையிடம் கொடுக்கின்றனர். விடுமுறைக்கு முன்னரே ஒரு நாள், பள்ளி கலைந்தபின், குழந்தையை அழைத்துச் சென்று புதிய அறையையும் அவன் அமரப்போகும் பெஞ்சையும் காட்டிவிடுகின்றனர்.