இந்த நாற்காலி நமக்குரியதா?

பெங்களூரின் கீழ்த்திசையில் உள்ள வைட்ஃபீல்டில் தமிழ்க் குரல் கேட்பது அரிதன்று. அங்குள்ள கணினி நிறுவனங்களில் தமிழர் பலர் தலைமைப் பொறுப்பு வகிக்கின்றனர். அத்தகைய ஒருவரை எண்ணிப் பார்ப்போம். சிற்றூர்ப் பள்ளியில் தமிழில் பயின்றவர்; இன்று நாற்பது பேருக்குத் தலைவர். அவர் வகுத்த திட்டம் வெற்றி பெறுகிறது, எல்லோரும் பாராட்டுகின்றனர். அவர் மனமோ, "இது அதிர்ஷ்டம், ஒருநாள் நம் சாயம் வெளுத்துவிடும்" என்று நடுங்குகிறது. மேற்பதவி தேடி வரும்போது, வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார். நஷ்டம் அவருக்கு மட்டுமன்று. அவரைப் பார்த்து மேலேற நினைக்கும் இளைஞருக்குந்தான்.

இவ்வுணர்வை 1978-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர்களான பாலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் விளக்கி எழுதினர். பட்டமும் பதவியும் பெற்ற 150-க்கும் மேற்பட்ட பெண்களிடம் அவர்கள் இதனைக் கண்டனர். தமிழில் இதனைப் 'போலியுணர்வு' எனலாம். புதிய பணி வந்ததும் அச்சம். அச்சத்தினால் அளவுக்கு மீறிய உழைப்பு. வெற்றி கிட்டியதும், "உழைத்துத் தப்பினோம், திறமையினால் அன்று" என்ற எண்ணம். அடுத்த பணியில் மீண்டும் அச்சம். ஆகவே வெற்றி ஒன்றே இதற்கு மருந்தாவதில்லை. அமெரிக்க அதிபரின் துணைவியாராக விளங்கிய மிஷேல் ஒபாமாவும் இவ்வுணர்வு தம்மை விட்டு அகலவில்லை என்று 2018-இல் லண்டன் பள்ளி மாணவியரிடம் கூறினார்.

இது மனத்தின் குற்றம் மட்டுந்தானா? தலைவர் என்றால் இன்ன நிறம், இன்ன உச்சரிப்பு என்று முன்பே முடிவு கட்டியிருக்கும் சபையில், புதிதாய் வந்தவர் கூசுவது இயல்பே. பெண்களைத் திருத்துவதை விட்டு, பணியிடத்தைத் திருத்துங்கள் என்று ருச்சிகா துல்ஷ்யனும் ஜோடி-ஆன் பியூரியும் 2021-இல் எழுதியதன் கருத்தும் இதுவே.

சென்னையில் பிறந்த இந்திரா நூயி, அமெரிக்காவில் ஏல் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, உடலுக்குப் பொருந்தாத மேனாட்டு உடையணிந்து ஒரு நேர்முகத் தேர்வுக்குச் சென்று நாணமுற்றார். வேலைவாய்ப்பு ஆலோசகர் ஒருவரின் யோசனைப்படி அடுத்த தேர்வுக்குச் சேலையுடுத்திச் சென்றார், அவ்வேலை கிடைத்தது. 2006 முதல் 2018 வரை பெப்சிகோ நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாகவும் விளங்கினார். அவரிடம் குறைந்திருந்தது திறமையன்று. அவர் அவராகவே வரலாம் என்று சொல்ல ஒருவர் இருந்தார். அவ்வாறே ஏற்க ஓரிடமும் இருந்தது.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் செய்யத்தக்கவை இரண்டு. ஒன்று, செய்து முடித்த பணிகளைக் குறித்து வைத்து, ஐயம் எழும்போது அக்குறிப்பைப் பார்ப்பது; நம்பத்தக்க ஒருவரிடம் மனத்தைத் திறப்பது. மற்றொன்று, நமக்குக் கீழே பணிபுரிபவரை உச்சரிப்பைக் கொண்டு எடைபோடாதிருப்பது. வைட்ஃபீல்டே 1882-இல் மைசூர் மகாராஜா சாமராஜேந்திரர் அளித்த நிலத்தில், ஆங்கிலோ-இந்தியர் குடியேற உருவான ஊர். பிறருக்கு இடம் தந்து பிறந்த ஊரில், நமக்குரிய இடத்தில் நாம் தயங்காமல் அமர்வோம். அடுத்து வருபவருக்கும் இடம் தருவோம்.