செவியும் குறுந்தகடும்

மாமல்லபுரக் கடற்கரையில் நின்று, அலையின் உயரத்தைக் கணந்தோறும் அளந்து எழுதுவதாகக் கொள்வோம். 1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தகடும் ஒலியலையை இவ்வாறே, விநாடிக்கு 44,100 முறை அளந்து, எண்களாகத் தாங்கியுள்ளது. அவ்வெண்களை மீண்டும் ஒலியாக்கும் கருவியை இசையன்பர் சிலர் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, உள்ளுறுப்புகளையும் மாற்றியமைத்து, "இதில்தான் நாகசுரம் தெளிவு" என்பர். மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும் மாணவர்களே, சற்றே உரத்து ஒலிப்பதையே நம் செவி இனியதென்று கொள்ளும். ஆதலின், ஒரே சுருதியை இரு கருவிகளிலும் ஒலிக்கவிட்டு, மின்னழுத்தமானி கொண்டு அளவை முதலில் சமமாக்குக. பின்னர், எது எதுவென்று கேட்போர் அறியாவண்ணம் திரைக்குப் பின்னிருந்து மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்க. இருபதில் பத்து முறையே சரியாகச் சொன்னால், அது காசு சுண்டிப் பார்ப்பதற்கு ஒப்பு. இதற்குச் செங்கற்பட்டுப் பள்ளியொன்றின் ஆய்வுக்கூட மானியும், திரையாகக் கட்ட ஒரு பழைய வேட்டியும் போதும்.