கோட்டில் விளங்கும் இயற்கை

ஓவியம் என்பது கண்டதைக் கண்டவாறே தீட்டுதல் என எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் உடையார்க்கு அருவ ஓவியம் பொருளற்ற கிறுக்கலாகத் தோன்றுதல் இயல்பே. மரம் மரமாக இல்லை, மலை மலையாக இல்லை. பின்னர் இதில் இயற்கை எங்கே உளது என அவர் வினவுவர். இவ்வினாவுக்குத் தக்க விடை தமிழ்நாட்டு ஓவியர் கே. எம். ஆதிமூலத்தின் (1938–2008) படைப்புக்களிற் கிடைக்கின்றது.

ஆதிமூலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் துறையூரை அடுத்த கீராம்பூரிற் பிறந்தவர். சென்னைக்கு வந்து, சிற்பி எஸ். தனபாலின் ஊக்கத்தால் அரசினர் ஓவியக் கல்லூரியிற் சேர்ந்து, 1966 இல் பயிற்சியை நிறைவு செய்தார். அவர் பயின்ற காலத்தில் அதன் முதல்வராய் விளங்கியவர் கே. சி. எஸ். பணிக்கர். மேலைநாட்டு நவீன ஓவியத்தைக் கற்றபோதும், இந்திய மரபிலுள்ள கோட்டின் ஆற்றலைக் கைவிடலாகாது என்னும் கருத்து அங்கே வலுப்பெற்றிருந்தது. ஆதிமூலம் அக்கோட்டைத் தேடியது பேனாவிலும் மையிலுமாகும்.

மை கடுமையான ஆசான். கரிக்கோலால் வரைந்ததை அழித்தல் கூடும். எண்ணெய் வண்ணத்தின்மீது வேறு வண்ணம் பூசுதலும் கூடும். தாளிற் படிந்த மைக்கோட்டை மீளப்பெறல் இயலாது. ஆதலின் கை நகருமுன்னரே கண் தெளிந்திருத்தல் வேண்டும். எதனை வரைவது என்பதினும் எதனை விடுவது என்பதே அங்கு அரிய வினா. யப்பானியத் துறவியாகிய செஷ்ஷு 1495 இல் வரைந்த நிலக்காட்சி ஒன்றில், சில மைத்தீற்றல்களே மலையாகவும் மரமாகவும் நீராகவும் புலப்படுகின்றன. வேண்டாதன விடுதலே அருவத்தின் முதற்படி என்பதற்கு அது பழைய சான்று.

ஆதிமூலத்தின் வளர்ச்சியிலும் இப்படிகளைக் காணலாம். காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969 இல் அவர் வரைந்த காந்தி ஓவியத் தொடரில், பின்னிச் செல்லும் கோடுகளிடையே முகம் எழுகின்றது. வரையாது விட்ட வெண்டாளே ஒளியாகின்றது. அரசர்களைப் பற்றிய ஓவியங்களில் அணியும் ஆடையும் உருவின் எல்லையைக் கடந்து, கோட்டின் ஓட்டமாகவே மாறுகின்றன. பின்னர் எண்ணெய் வண்ணத்தில் அவர் தீட்டிய அருவ ஓவியங்களில் உருவம் முற்றாக மறைகின்றது. மண், நீர், வான் ஆகியவற்றின் நிறமும் ஒளியும் அசைவுமே எஞ்சுகின்றன. ஆயினும் அவர் மைக்கோட்டை மறந்தாரல்லர். கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் எழுதிய ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் வரைந்த கோட்டோவியங்கள் கரிசல் மண்ணைத் தமிழ் வாசகர் பலரின் கண்முன் நிறுத்தின.

எனவே அருவ ஓவியன் இயற்கையைத் துறந்தவன் அல்லன். இயற்கையின் தோற்றத்தை விடுத்து அதன் இயக்கத்தைப் பற்றுகின்றவன் அவன்.

இவ்வுண்மையை அறிதற்குச் சப்பிரகமுவ மாணவர் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இரத்தினபுரித் தோட்டங்களிலே மலைச்சரிவின் வளைவைத் தழுவிச் செல்லும் தேயிலை நிரைகள் கோடுகளே. கேகாலைப் பகுதியில், கருமை படர்ந்த இறப்பர் மரத்திற் சாய்வாக வெட்டிய வடுவில் வெண்பால் வழிந்து சிரட்டையை அடைவதும் ஒரு கோடே. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மூடுபனி இறங்கும்போது, மரமும் பாறையும் மறைந்து மலையின் விளிம்பு மட்டும் நிற்கின்றது. ஓவியன் முயன்று விடுவனவற்றை அங்கே பனி தானே விட்டுவிடுகின்றது.

எனினும், மலை வரைக என்றால் இரண்டு முக்கோணங்களும் அவற்றிடையே உதிக்கும் சூரியனும் சிவப்புக் கூரை வீடும் வரையும் தோட்டத்து மாணவர் பலர். அந்த மலையும் வீடும் அவர்கள் வாழ்பவையல்ல. பிற படங்களைப் பார்த்துப் பழகியவை. தாய் தந்தையர் நாள்தோறும் ஏறி இறங்கும் மலையும், அவர்கள் கை பட்ட நிரையும், வாழும் லயமும் வரைதற்குரியன அல்ல என்ற எண்ணம் அதனால் வேரூன்றுகின்றது. கலையில் நேரும் இவ்விழப்பு கலையோடு நின்றுவிடுவதன்று. தம் வாழ்விடத்தையே சிறிதென மதிக்கும் மனத்தையும் அது வளர்க்கும்.

இதனை மாற்றப் பெருஞ் செலவு வேண்டா. ஒரு தாளும், ஒரு பேனாவும், சிறிது மையும் போதும். எதிரேயுள்ள சரிவை முதலில் நெடுநேரம் நோக்கி, பின்னர்ப் பத்துக் கோடுகளுக்கு மேற்படாமல் வரையுமாறு ஆசிரியர் பணிக்கலாம். எந்தப் பத்துக் கோடுகள் என மாணவன் தானே தேர்ந்து கொள்ளுங்கால், அவன் தன் மலையை முதன்முறையாகக் காண்பான்.